யுத்த எஞ்சினுக்குத் தலைமுழுக்கு

ஆடி 3, ஞாயிறு

சாரல் விடவில்லை, நாலாவது நாள். கொடித்துணி ஒன்றும் காயவில்லை. சங்கரனின் காக்கிச் சட்டையை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டேன். புகை வாடை என்று மருமகள் கோமதி மூக்கைச் சுளிக்கிறாள். எஞ்சின்காரன் சட்டை தாழம்பூவா மணக்கும்.

விறகு ஈரம். மண்ணெண்ணெய் இல்லை. முறத்தைக் காணோம். அடுத்த வீட்டுப் பிச்சம்மாள் எடுத்திருப்பாள். கேட்டால் இல்லை என்பாள்.

பதினாலு வருஷம் கரி அள்ளிப் போட்ட என் மகனுக்கு இன்று டிரைவர் உத்தரவு வந்தது. இங்கிலீஷ் காகிதம். பேத்தி வள்ளி ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் படித்தாள். ஆறாம் வகுப்பு. நான் நிறுத்தின இடத்துக்கு மேல் ஒரு படி போய்விட்டாள். காகிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துத் திருநீறு பூசினேன்.

முழுசாகச் சந்தோஷப்பட விட்டார்களா. ஆடியில் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் ஆடியில் புதுப்பானைகூட அடுப்பில் ஏற்ற மாட்டோம். ஆவணிக்குக் கொடுத்தால் ரயில் ஓடாதா. அதுவும் எந்த எஞ்சின்? யுத்தத்தில் இருந்து வந்த எஞ்சின். வருகிற புதன்கிழமை கூட்ஸ் வண்டி, தென்காசியிலிருந்து விருதுநகர்.

"ஒரு மாசம் தள்ளிக் கேளுலே" என்றேன்.

"எம்மா, ரயில்வேக்கு ஆடியும் கிடையாது, ஆவணியும் கிடையாது."

"உனக்கு உண்டு. நீ எனக்குப் பிறந்தவன், ரயில்வேக்குப் பிறக்கலை."

சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

பிச்சம்மாள் புருஷன் ரயில் கார்டு. அந்தத் தோரணை அவளுக்கு. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "மதினி, பட்டாளத்துக்காரன் தூக்கிப் போட்டதை உங்க மகன் தலையில கட்டிட்டாகளாமே? நல்லது பொல்லாதது பாத்து எடுக்கச் சொல்லுங்க" என்றாள். நல்லது என்று மட்டும் சொன்னேன். முறத்தைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன்.

ஆடி 4, திங்கள்

மத்தியானம் சங்கரனுக்குச் சோறு கொண்டுபோகிற சாக்கில் யார்டுக்குப் போய் எஞ்சினைப் பார்த்தேன். இவன் அப்பா இந்த ஸ்டேஷனில் முப்பது வருஷம் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். நான் பார்க்காத எஞ்சினா. ஆனால் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

பழைய எஞ்சின்கள் ஒழுங்காகச் சேலை கட்டின மாதிரி இருக்கும். இதற்குக் குழாய், கம்பி, பம்பு எல்லாம் வெளியே. குடலை எடுத்து மேலே மாட்டினது போல. பக்கத்துக்கு நாலு பெரிய சக்கரம். முன்னால் ஒரு சின்னது, பின்னால் ஒரு சின்னது. கறுப்புச் சாயம் உரிந்த இடத்தில் பட்டாளப் பச்சை. ஊதினால் எருமை கத்துவது போல அடிவயிற்றிலிருந்து வருகிறது. குற்றாலத்து மலையில் மோதித் திரும்பி வந்து இன்னொரு தரம் கேட்கிறது.

இது செங்கோட்டைக்கு அப்புறம் மலை ஏறாதாம், பாலங்கள் கனம் தாங்காதாம். மலைக்கு அந்தப் பக்கத்துத் தேக்கை எல்லாம் சின்ன எஞ்சின் இழுத்துவந்து இங்கே விடும். இது வாங்கிக்கொண்டு போகும்.

"முப்பது வண்டித் தேக்கையும் மூச்சு வாங்காம இழுக்கும்மா. யுத்த அவசரத்துக்கு அமெரிக்காக்காரன் செஞ்சான்னு சொல்லுதாங்க. அவசரத்துல செஞ்சது மாதிரியா இருக்கு?" என்று சங்கரன் அதன் வயிற்றைத் தட்டிக் காட்டினான். கோமதியை இப்படி ஒரு நாள் மெச்சியிருப்பானா.

உள்ளே தகரத்தில் யாரோ கத்தியால் ஒரு பேர் கீறி வைத்திருக்கிறான். பெண்பிள்ளைப் பேராம்.

பிறகுதான் மாடசாமி சொன்னான். யார்டில் எஞ்சின் துடைக்கிற கலாசி. என் வயசுக்கு ஆறு குறைவு. இன்னும் இரண்டு வருஷத்தில் ரிட்டையர். சங்கரன் அப்பா காலத்து ஆள்.

"ஆச்சி, இது அஸ்ஸாம் பக்கம் ஓடுனது. போகும்போது குண்டு. வரும்போது என்ன ஏத்தியிருப்பான்?"

"என்ன ஏத்தினான்?"

"ஆள்தான். கை போனவன், கால் போனவன். மூச்சே போனவனும் உண்டும்."

கூடையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். இழவு வீட்டுக்கு ஒரு நாழிகை போய் வந்தவனே தலை முழுகாமல் வீட்டுக்குள் காலெடுத்து வைக்க மாட்டான். இது வருஷக்கணக்கில் பிணம் சுமந்திருக்கிறது. ஒரு சொம்புத் தண்ணீர் தெளித்தவன் உண்டா.

ஸ்டேஷன் மாஸ்டரிடம் போனேன். (இனி ஸ்.மா. என்றே எழுதுகிறேன், பேனா முள் தேய்கிறது.) ஐயரைக் கூப்பிட்டு ஒரு புண்ணியாகவாசனம் செய்ய வேண்டும் என்றேன். "ரயில்வே சொத்து அம்மா. எலுமிச்சம்பழம் வேணும்னா வையுங்க, நான் பார்க்கலை" என்றார். எலுமிச்சம்பழமாம். மோட்டார் சைக்கிளுக்கு வைப்பதைச் சொல்கிறார்.

ஆடி 5, செவ்வாய்

குரங்கு வந்து அப்பளத்தை அள்ளிக்கொண்டு போனது. கோமதி பார்த்துக்கொண்டே நின்றாள்.

நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன். ஐயர் வேண்டாம். தீட்டுக்கு நம் வழக்கம் என்ன, தலை முழுக்கு. குற்றாலத்துக்கு எந்த ஊர்க்காரன் வந்தாலும் எண்ணெய் தேய்த்து முழுகாமல் போகிறானா. இது மட்டும் எப்படிப் போகலாம்.

எஞ்சினுக்குத் தலை எது? மேலே ஊற்றினால் இரும்பில் ஓடிக் கீழே போய்விடும். அது குடிக்கிற தண்ணீரில்தான் இருக்கிறது எல்லாம். கரிப்பெட்டியோடு சேர்ந்த தண்ணீர்த் தொட்டி, அதன் வாய்தான் தலை. இவ்வளவும் எனக்கு யாரும் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தேன்.

எடுத்து வைத்தவை:

பூவந்திக்கொட்டை, இரண்டு படி. (பட்டுச்சேலை அலச வைத்திருந்தது.)
சீயக்காய், ஒரு படி.
வேப்பிலை, மஞ்சள்.
எண்ணெய்: நல்லெண்ணெய் ஒரு கரண்டி, பேருக்கு.

பெரிய அண்டாவில் போட்டு நாலு மணி நேரம் காய்ச்சினேன். ஈர விறகு, கண் பொசுங்கிவிட்டது. இரண்டு குடம் வந்தது, பாகு மாதிரி. அடியில் மிச்சம் ஒரு போத்தல்.

"யாருக்கு அத்தை இவ்வளவு?" என்றாள் கோமதி.

"ஊருக்கு" என்றேன்.

மாடசாமியிடம் சொன்னேன். முதலில் தயங்கினான். "உன் சங்கரன்தானே ஓட்டுதான், நீ தூக்கி வளர்த்தவன்தானே" என்றேன். சரி என்றான். சங்கரனிடம் மூச்சுவிடக் கூடாது என்று இரண்டு பேருக்கும் பேச்சு.

ஆடி 6, புதன். காலை

தூறல். விடிந்ததும் குடங்கள் போயின. மாடசாமி ஏறி ஊற்றினான். நான் கீழே நின்று கும்பிட்டேன். குடத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

பத்து மணிக்குப் புறப்பாடு. சங்கரன் புதுத் தொப்பி. அவன் அப்பா ஜாடை, தாடை மட்டும் என் தாடை. ஊதல் கேட்டது. வள்ளி பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நின்று கை காட்டினாள். பிச்சம்மாளும் பார்த்தாள். பார்க்கட்டும் என்றுதான் இருந்தேன்.

அதே நாள், சாயங்காலம்

கடையநல்லூருக்கு இந்தப் பக்கம் வண்டி நின்றுவிட்டது. ஏற்றத்தில். இரண்டரை மணி நேரம். பின்னால் வர வேண்டிய பாசஞ்சர் தென்காசியிலேயே கிடந்தது. குற்றாலத்தில் குளித்துவிட்டு ஊர் திரும்புகிற கூட்டம் முழுக்க பிளாட்பாரத்தில் ஈரத்துணியோடு. வேறு எஞ்சின் போய் இழுத்து வந்தது.

சங்கரன் முழுக்க நனைந்து வந்தான். மழையில் இல்லை. புகைபோக்கியிலிருந்து தண்ணீர் பீறி அடித்ததாம், வெள்ளை வெள்ளையாக. எஞ்சின் விக்கி விக்கி நின்றதாம்.

பிளாட்பாரத்தில் எவனோ, "குத்தாலத்துல நாமதான் குளிச்சோம்னு பாத்தா எஞ்சினும் குளிச்சிட்டு வருதே" என்றானாம். எல்லாரும் சிரித்தார்களாம். இதை வந்து சொன்னவள் பிச்சம்மாள்.

சங்கரன் சாப்பிடவில்லை.

ஆடி 7, வியாழன்

மெமோ வந்தது. வள்ளி படித்தாள். பாய்லரில் அளவுக்கு மேல் தண்ணீர் ஏற்றினான், எஞ்சினைக் கெடுக்கப் பார்த்தான், சனிக்கிழமை விசாரணை. தப்பு என்று முடிவானால் திரும்பவும் கரி அள்ளுகிற ஃபயர்மேன். அப்புறம் ஆயுசுக்கும் டிரைவர் கிடையாதாம்.

"நான் ஏத்தலைம்மா. அளவு காட்டுத கண்ணாடிக் குழாய்ல தண்ணி நிலைச்சு நிக்கவே இல்ல. மேல போகுது, கீழ விழுது. எதைப் பாத்து நான் குறைக்க?" என்றான். பதினாலு வருஷத்தில் ஒரு நாள்கூடத் தண்ணீரில் தவறாதவன்.

நான் எஞ்சினைத் திட்டினேன். ஆடியைத் திட்டினேன். அந்த ஸ்.மா.வையும் திட்டினேன், பூசை போட விட்டிருந்தால் இது உண்டா என்று.

மத்தியானம் கோமதி கிணற்றடியில் அவன் காக்கிச் சட்டையை அலசிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இங்கன வாங்களேன்."

"என்னட்டி?"

"சோப்பே போடல. பாருங்க எப்படி நுரைக்குதுன்னு. எஞ்சின் தண்ணில என்னத்தைப் போடுதாங்க?"

வாளி நிறைய நுரை. கையில் எடுத்து மோந்து பார்த்தேன். சீயக்காய்.

உட்கார்ந்துவிட்டேன். தலை சுற்றுகிறது, வெயில் என்று கோமதியிடம் சொன்னேன். ஒரு வாரமாக வெயிலே இல்லை.

ஆடி 8, வெள்ளி

எனக்குப் பிடிக்காதவர்கள் இன்று: கோமதி, சட்டையை அலசினதற்கு. பிச்சம்மாள், எப்போதும்போல. பூவந்திக்கொட்டை விற்ற செட்டியார். அமெரிக்காக்காரன், எவ்வளவோ கனத்தை இழுக்கிற எஞ்சின் செய்தவன் இரண்டு குடம் தலைமுழுக்கைத் தாங்குகிற மாதிரி செய்தானா. நான்.

சங்கரனிடம் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். மாடசாமி பின்வாசலில் வந்து நின்றான். முகம் செத்துப்போயிருந்தது.

"ஆச்சி, அது நம்ம குடத்தாலதானா?"

"ஆமா."

"நான் ஊத்துனேன்னு தெரிஞ்சா இன்னிக்கே அனுப்பிருவான். ரெண்டு வருஷம்தான் பாக்கி. ஒண்ணும் கிடைக்காமப் போயிரும்."

"உன் பேரு வராது."

"எப்படி வராமப் போகும்? ஊத்தினது யாருன்னு கேப்பானே."

போ என்று சொல்லிவிட்டேன். சொல்லாவிட்டால் என் மகன் போகிறான். சொன்னால் இவன் போகிறான். வெள்ளிக்கிழமை விளக்கு, இரண்டு தடவை அணைந்துவிட்டது. திரி ஈரம்.

ஆடி 9, சனி

பேனா முள் தேய்ந்துவிட்டது. இருந்தாலும் இன்றே எழுத வேண்டும், நாளைக்கு மாற்றி எழுதிவிடுவேன்.

மதுரையிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். மூக்குக்கண்ணாடி, குடை. யார்டில் அந்த எஞ்சின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு விசாரணை. சங்கரன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கார்டு, ஸ்.மா., கலாசிகள். வேலிக்கு வெளியே பிச்சம்மாளும் இன்னும் பத்துப் பேரும்.

"கிளாஸ்ல தண்ணி எவ்வளவு காட்டுச்சு?"

"நிக்கல சார். குதிச்சுக்கிட்டே இருந்துச்சு."

"குதிச்சா குறைக்கணும். குறைச்சவனுக்கு ஏன் சிம்னி வழியாக் கொட்டுச்சு?"

அவனுக்குப் பதில் எப்படித் தெரியும். என்னிடம் அல்லவா இருந்தது, முந்தானைக்குள், போத்தலில்.

உள்ளே போனேன். "ஐயா, தண்ணித் தொட்டியில நான் பூவந்திக்கொட்டை ஊத்தினேன். தீட்டுக் கழிக்க. ரெண்டு குடம்" என்றேன்.

கார்டுதான் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லாரும்.

"எம்மா, வீட்டுக்குப் போ" என்றான் சங்கரன், பல்லைக் கடித்துக்கொண்டு.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "மகனைக் காப்பாத்த வந்திருக்கீங்க. புரியுது" என்றார். போத்தலை நீட்டினேன். சுடுதண்ணீர் கொண்டுவரச் சொல்லி, ஒரு பாட்டிலில் இதில் நாலு சொட்டு விட்டுக் குலுக்கினார். நுரை பொங்கி அவர் சட்டைக் கைக்குள் போனது. மோந்து பார்த்தார். இரண்டாம் தரமும் மோந்து பார்த்தார்.

"சரி. சரக்கு உண்டு. பாய்லர்ல நுரைச்சுத் தண்ணி மேல ஏறியிருக்கு. ஊத்தினது யாரு?"

"நான்தான்."

"தொட்டி வாய் எங்க இருக்குன்னு தெரியுமா? அவ்வளவு உசரம் உங்க வயசுல ஏறினீங்களா, குடத்தோட?"

மாடசாமி அங்கேதான் நின்றான். கண்ணைத் தரையில் போட்டிருந்தான். இன்ஸ்பெக்டர் கலாசிகள் பக்கம் திரும்பப்போனார்.

அறுபத்துநாலு வயசில் நான் செய்தது இது. சேலையைத் தூக்கிச் செருகினேன். பக்கத்தில் கிடந்த தகரக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டேன். கரிப்பெட்டியின் ஓரத்து இரும்புப் படியில் காலை வைத்து ஏறினேன். மழையில் வழுக்கியது. முதல் படி எங்கே என்று கையால் கொஞ்சம் தடவினேன், அவ்வளவுதான். அப்புறம் நிற்கவில்லை. சங்கரன் கத்தினான். காதில் வாங்கவில்லை. மேலே போய், தொட்டி மூடியைத் திறந்து, வெறுங்குடத்தைக் கவிழ்த்துக் காட்டினேன். "இப்படித்தான்" என்றேன்.

மேலிருந்து எல்லாம் தெரிந்தது. குற்றாலத்து மலையில் மேகம் இறங்கி அருவி வெள்ளைக்கோடு மாதிரி. எங்கள் லைன் வீட்டு ஓடுகள். எங்கள் ஓட்டின்மேல் என் முறம். குரங்கு கொண்டுபோய்ப் போட்டிருக்கிறது.

இறங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. சங்கரன் வந்து பிடித்து இறக்கினான். கை கன்றிப்போகிற மாதிரி பிடித்தான்.

இன்ஸ்பெக்டர் சொன்னது: பாய்லரை முழுக்கக் கழுவ வேண்டும். திங்கள்கிழமை அதே எஞ்சின், அதே கனம், அவரும் கூட ஏறி வருவார். சங்கரன் ஒழுங்காகக் கொண்டுபோனால் மெமோவைக் கிழிப்பார். நான் இனி யார்டுக்குள் கால் வைக்கக் கூடாது, எழுதிக் கொடுக்க வேண்டும்.

கைநாட்டுக்கு மைப்பெட்டியை நீட்டினார். பேனாவைக் கேட்டு வாங்கி முழுப்பேரும் எழுதினேன், தகப்பனார் பேர் முன்னால் சேர்த்து. பார்த்துவிட்டு மைப்பெட்டியை மூடினார்.

முறத்தைப் பற்றிப் பிச்சம்மாளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் என்ன.

ஆடி 10, ஞாயிறு

முழங்கால் இரண்டும் வீக்கம். கோமதி ஒத்தடம் கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை, நல்ல பெண்.

சங்கரன் என்னிடம் பேசவில்லை. சோறு வேண்டும் என்றால்கூட வள்ளியிடம் சொல்கிறான், அவள் என்னிடம் சொல்கிறாள். நாலு அடி தூரத்துக்கு ஒரு தபால்.

ஆடி 11, திங்கள்

எலுமிச்சம்பழம் வைக்கவில்லை. கற்பூரம் கொளுத்தவில்லை. வாசலுக்குக்கூடப் போகவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு ஊதல். மலையில் மோதித் திரும்பி வந்த ஊதலும் கேட்டது. அதற்கு அப்புறம் பொறுக்கினதில் கல் எது அரிசி எது என்று தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து.

ஆடி 12, செவ்வாய்

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தான். கடையநல்லூர் ஏற்றத்தில் இம்மிகூட விக்கவில்லையாம். இன்ஸ்பெக்டர் மெமோவைக் கிழித்துக் கரியோடு கரியாக அடுப்பில் போடச் சொன்னாராம். டிரைவர் வேலை நிலைத்தது.

இதைச் சொன்னவன் மாடசாமி. மகன் இல்லை. மகன் வந்தான், படுத்தான்.

மாடசாமி ஒரு பலாப்பழம் கொண்டுவந்து வைத்தான். எதற்கு என்றேன். சும்மா என்றான். பிச்சம்மாள் வந்து, "மதினி, எனக்கு அந்தப் படியைப் பாத்தாலே தல சுத்துது, நீங்க எப்படித்தான் ஏறினியளோ" என்றாள். பரிகாசமா, நிசமா தெரியவில்லை. நாலு சுளை கொடுத்தேன்.

ஆடி 16, சனி

சங்கரனுக்கு ஓய்வு நாள். கிணற்றடியில் எண்ணெய்க் கிண்ணத்தோடு போய் நின்றேன். வந்தால் வரட்டும் என்று. கொஞ்ச நேரம் கழித்து வந்து முக்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்தான். இந்தத் தலைக்கு நான் எண்ணெய் வைத்து எத்தனை வருஷம் ஆயிற்று.

தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரத்துக்கு அப்புறம் வாயைத் திறந்தான்.

"எம்மா."

"என்னலே."

"முதல் படி எங்கன இருக்குன்னு தெரியாம நீ கையால தடவுன."

நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

"முன்னமே ஒரு தரம் ஏறுனவ தடவமாட்டா."

"இன்ஸ்பெக்டர் பாத்தாரா?"

"அவரும்தான் பாத்தாரு. எஞ்சின் ஓடிட்டு, மத்ததை விடுன்னாரு."

மிச்சம் இருந்த பூவந்திக்கொட்டை அவ்வளவையும் கரைத்து அவன் தலையில் போட்டுத் தேய்த்தேன். நுரையே வரவில்லை. எண்ணெயைக் கூடுதலாக வைத்துவிட்டேன் போலிருக்கிறது.